ஊதா அட்டையும் பச்சை அட்டையும்

மார்ச் 4

கீச்சு,

என் எண்ணை உன் போனில் முடக்கி வைத்திருக்கிறாய். பதினோரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். தபால்காரரை உன்னால் முடக்க முடியாது, அதனால் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

அன்று ஸ்டூடியோவில் நடந்ததை நீ யார் யாரிடம் எப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறாயோ தெரியாது. நடந்தது இதுதான். ஆறாவது பாட்டு. மேலே ஏறுகிற வரியைப் பாதி வரை நீ பாடி என்னிடம் கை மாற்ற வேண்டும். எட்டு வருடமாக மாற்றுகிறோம். நீ மூச்சு வாங்கும் இடத்தில் நான் ஏறிக்கொள்வேன், நான் வாங்கும் இடத்தில் நீ. கேட்பவருக்கு யாரோ ஒரே பெண் மூச்சே விடாமல் பாடுவது போலிருக்கும். அன்று நான் ஏறினேன், மேல் பஞ்சமத்தில் குரல் பிளந்தது. ஒன்பது முறை எடுத்தோம், ஒன்பது முறையும் அதே இடத்தில் பிளந்தது. ஒலிப்பதிவாளர், வயலின்காரர், டீ கொண்டு வந்தவர் எல்லாரும் கேட்க நீ மைக்கிலேயே சொன்னாய்: "அண்ணி சாதகம் பண்ணி எத்தனை மாசமாச்சோ. வீட்ல தூக்கம்தான் நடக்குது."

உன் அண்ணனைவிட உன்னை எனக்கு இரண்டு வருடம் அதிகமாகத் தெரியும். உன்னோடு பாட வந்த இடத்தில்தான் அவரையே பார்த்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன், அன்று உன்னை அறையலாம் போலிருந்தது. அறையாமல் பையை எடுத்துக்கொண்டு, நம் வீட்டுக்குப் போய்க் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, உன் அண்ணன் பாலம் கட்டும் இடத்துக்கே வந்துவிட்டேன்.

இங்கே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. முன்னறை ஜன்னலுக்கு எதிரே சிமெண்ட் கிடங்கு. குழந்தையைப் பள்ளியில் விட்டதும் ஜன்னலைச் சாத்திவிட்டு இரண்டரை மணி நேரம் பாடுகிறேன். தண்ணீர் லாரி ஓட்டுபவர் சாட்சி. கீழே எல்லாம் சரியாக இருக்கிறது. மேலே அந்த ஓர் இடம் மட்டும் இல்லை. கதவு இருந்த இடத்தில் சுவர் எழுப்பிவிட்ட மாதிரி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது கீச்சு, அதைச் சொல்லவும் உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

மிச்சமிருக்கும் மூன்று பாட்டையும் யாருக்கும் கொடுத்துவிடாதே. ஜூன் கடைசி வரை பொறு.

அண்ணி


மார்ச் 13

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை.

மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியாது. அதற்கு மட்டும் மன்னிப்பு. சொன்னதற்கு இல்லை. நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். உங்களுக்கு வயிற்று வலி என்று சொன்னேன். வயலின்காரர் மறுநாள் போன் செய்து வலி குறைந்ததா என்று கேட்கிறார். இன்னமும் கேட்கிறார். உங்கள் வயிற்றுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டை வெளியிடும் கம்பெனிக்காரர்கள் ஜூன் கடைசி வரைக்கும் கூடக் காத்திருக்க மாட்டோம் என்கிறார்கள். உங்கள் இடத்துக்கு ஒரு பள்ளிக்கூடப் பாட்டு டீச்சரை வரச் சொல்லிப் பார்க்கிறேன். அந்த அம்மாவின் வாயில் எந்நேரமும் இருமல் மிட்டாய். பாடும்போது அதை எடுத்து என் பாட்டுத் தாளின் மேல் வைக்கிறார். கை மாற்றினால் பஸ் மாறி ஏறுவது போல எல்லாருக்கும் தெரிகிறது.

நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன் அண்ணி? மாதவிலக்கை ஒட்டி மாதத்தில் ஒரு வாரம் உங்களுக்குத் தொண்டை கனக்கும், எனக்கு இன்னொரு வாரம். இரண்டையும் தள்ளினால் பாதி மாதம் போய்விடுகிறது, கச்சேரிக்குத் தேதி கொடுக்க முடியவில்லை. இரண்டு பேரும் மாத்திரை போட்டு அந்த நாட்களை ஒரே வாரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். உங்களுக்கும் இப்போதைக்கு இன்னொரு குழந்தை வேண்டாம் என்றிருந்தது. டாக்டரிடம் போக வெட்கம் என்றீர்கள். உங்களுக்கும் சேர்த்து நான் போனேன். போன மே மாதத்திலிருந்து டைரியில் ஒரே வாரத்துக்குத்தான் சிவப்புப் புள்ளி.

ஸ்டூடியோ நாளுக்குப் புள்ளி இல்லை. பார்த்துவிட்டேன். எனக்கோ மாத்திரை போட ஆரம்பித்த பிறகு அந்த வாரத்தில்கூடக் குரல் ஆடுவதில்லை, வயிற்று வலியும் விட்டது. அதே மாத்திரைதான் உங்களுக்கும். நாளும் சரி, உடம்பும் சரி என்றால் பாக்கி என்ன இருக்கிறது? சாதகம்தான். இதைச் சொன்னால் நான் கெட்டவள்.

எண்ணை விடுவிக்கப் போவதில்லை. பேசினால் கத்திவிடுவேன், எனக்கு வியாழக்கிழமை கச்சேரி.

கீ.


மார்ச் 24

கீச்சு,

சாதகம் பற்றி இனி ஒரு வார்த்தை பேசாதே. எழுத்துப்பூர்வமாக ஆதாரம் இருக்கிறது.

இங்கிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் ஒரு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். போகக் காரணம் உன் கடிதம் அல்ல. கேஸ் கம்பெனிக்கு சிலிண்டர் கேட்டுப் போன் செய்தேன். "சரிங்க சார், நாளைக்கு வரும் சார்" என்றார் அந்த ஆள். ஜலதோஷம் என்று நினைத்து விட்டுவிட்டேன். மறுவாரம் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தால் அவர்களும் குழந்தையின் அப்பாவா என்கிறார்கள்.

டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். உனக்காக அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது சாதகம் பண்ணாத தொண்டை இல்லம்மா. அதிகமா பண்ற தொண்டை." சீட்டிலும் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்புறம் மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. பல் தேய்த்ததும் தினம் போடுவது, அதை யார் மருந்தென்று நினைப்பார்கள்? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மோவாயில் இந்த முடி எத்தனை நாளாக என்றார். நினைவிருக்கிறதா, ஊதுபத்தி போல நான்கு முடி நிற்கிறது என்று நீ கண்ணாடி முன் நின்று சிரித்தாயே, அதே முடிதான். பருவையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, குழந்தை வேண்டாமென்று ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டார். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"யார் எழுதிக் குடுத்தது?"

"என் நாத்தனார்."

"அவங்க டாக்டரா?"

"பாடகி" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த வரையில் இது. இப்போது வருகிற மாத்திரைகளில் பெரும்பாலானவை பாடுகிறவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. சிலருக்குக் குரல் நிலைத்துக்கூட நிற்கிறது. நான் சாப்பிட்டது பழைய வகை. அதிலிருக்கும் ஹார்மோன் சில பெண்களுக்கு உள்ளே போய் ஆண் ஹார்மோன் வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடும். முடி, பரு, அப்புறம் குரல். குரல் நாண் தடித்தால் மேலே இருப்பது போய்விடும். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இன்றைக்கே நிறுத்திவிட்டு மகளிர் டாக்டரிடம் வேறு வழி கேளுங்கள் என்றார். போன குரல் திரும்புமா என்று கேட்டேன். பரு போகும், குரலுக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

பஸ்ஸில் வரும்போது ஒன்று யோசித்தேன். உனக்கு முகத்தில் ஒரு பரு கிடையாது. அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். பச்சை நிறம். நீ சாப்பிடுவது என்ன நிறம்?

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

ஊதா.

டாக்டரிடம் போனபோது என்னை இருபது கேள்வி கேட்டார். ரத்த அழுத்தம், தலைவலி, புகை பிடிப்பேனா, வீட்டில் யாருக்கு என்ன வியாதி. எனக்கு மட்டும் எழுதினார். என் அண்ணிக்கும் வேண்டும் என்றேன், அவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். நான் வீட்டுக்கு வந்து சொன்னேன், நீங்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டீர்கள். ஞாபகம் இருக்கட்டும்.

அதனால் என் சீட்டையே காட்டி மருந்துக்கடையில் இரண்டு பெட்டி கேட்டேன். ஊதா ஒன்றுதான் இருந்தது. கடைக்காரர் பச்சையை எடுத்து வைத்து, "ரெண்டும் ஒரே வேலைதாங்க" என்றார். மறுமாதம் ஊதா நிறையவே இருந்தது. நான்தான் உங்களுக்குப் பச்சையே இருக்கட்டும் என்று வாங்கினேன். ஒரே அலமாரி, ஒரே நிறமாக இருந்தால் உங்களுடையதை நானும் என்னுடையதை நீங்களும் மாற்றிப் போட்டுவிடுவோம், நாள் தப்பிப் போகும் என்று நினைத்தேன். நல்ல யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நான் என்ன மருந்துப் படிப்பா படித்திருக்கிறேன்? உள்ளே ஒரு தாள் இருக்கும், எட்டாக மடித்து. நீங்கள் அதைப் பிரித்துப் படித்திருக்கலாம். நானும் படிக்கவில்லை, சரி. அந்தத் தாளைத் திரும்ப மடிக்க யாராலும் முடியாது.

அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருந்தால் அவன் போன் செய்து கத்துவான். நான் எடுக்க மாட்டேன்.

கீ.


ஏப்ரல் 9

மாற்றிப் போட்டுவிடக் கூடாதென்று. நல்லது. மிகவும் நல்லது.

நாம் இரண்டு பேரும் ஒரே குரல் என்று விளம்பரத் தாளில் அச்சடித்தார்கள். அது அச்சடித்தவர்களின் தப்பு. அதை நம்பி நீ என் உடம்பையும் உன்னுடையதோடு சேர்த்து டைரியில் போட்டாய். பத்து மாதம், கீச்சு. தினமும் ஒரு மாத்திரை வீதம் என் கையாலேயே என் மேல் பஞ்சமத்தை அழித்திருக்கிறேன்.

என்னையும் நான் சும்மா விடவில்லை. குழந்தையின் தடுப்பூசிக்கு மூன்று டாக்டரைக் கேட்டவள் நான். எனக்கென்று வந்தபோது நாத்தனாரை அனுப்பிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்தேன். இதை நினைத்தால் உன் மேல் இருப்பதைவிட என் மேல் எரிச்சல் வருகிறது. இந்த வாரம் நானே மகளிர் டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடம். உயிர் போகவில்லை.

உன் அண்ணனிடம் சொன்னேன். கத்தவில்லை. வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, "அப்ப இனிமே என்ன பண்றது?" என்றார். இனிமேல் உங்கள் முறை என்றேன். பாலம் கட்டுகிறவர், ஐந்நூறு பேரை வேலை வாங்குகிறவர், ஆணுறை வாங்க இரண்டு தெரு தள்ளிப் போகிறார். கடையில் ஆள் இருந்தால் வெட்கப்பட்டுத் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார். வீட்டில் இப்போது ஏழு அட்டை தலைவலி மாத்திரை இருக்கிறது. இந்த மாதிரி எதை வாங்கவும் நம் வீட்டில் எல்லாருக்கும் வேறோர் ஆள் வேண்டும் போலிருக்கிறது.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.


மே 20

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். ஆறு வாரம் எழுதவில்லை. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சொன்னபடி கேட்டது இதுதான் முதல் தடவை.

டீச்சரை அனுப்பிவிட்டேன். கம்பெனிக்காரர்கள் அப்படியானால் முடிந்த ஐந்து பாட்டை மட்டும் வெளியிட்டுவிடலாம், ஓட்டிக் கேட்டுவிட்டுச் சொல் என்றார்கள். ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தேன். ஒலிப்பதிவாளர் பதிவு செய்த தேதி வரிசையில் ஓட்டினார். ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர், ஜனவரி.

ஜூனில் நம் இருவரில் யார் எது என்று எனக்கே தெரியவில்லை. ஆகஸ்டிலும். அக்டோபரில் கை மாற்றும் இடத்தில் ஒரு சின்ன தடுக்கல். டிசம்பரில் நீங்கள் ஏறும்போது நான் சீக்கிரமே வந்து மூடுகிறேன். ஜனவரியில் உங்கள் வரி முழுவதையும் நானே மூடியிருக்கிறேன். அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? அண்ணி மந்தமாகிவிட்டார்கள், நான்தான் தூக்கி நிறுத்துகிறேன் என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது. எட்டு வருடம் உங்கள் மூச்சைக் கேட்டு வாழ்ந்தவள், உங்கள் குரல் மாதாமாதம் இறங்குவதைக் கேட்கவில்லை. டைரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒலிப்பதிவாளர் இன்னொரு முறை ஓட்டட்டுமா என்றார். குளியலறைக்குப் போய் அழுதேன்.

தப்பு என்னுடையது. பச்சை அட்டையை வாங்கியது நான், டாக்டர் வரச் சொல்லியும் உங்களை இழுத்துக்கொண்டு போகாதது நான், பிறகு சாதகம் இல்லை என்று நாலு பேர் முன் சொன்னதும் நான். மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நானும் மாத்திரையை நிறுத்திவிடப் போகிறேன்.

கீச்சு

பின்குறிப்பு: எண்ணை விடுவித்துவிட்டேன்.


ஜூன் 5

கீச்சு,

மைக் திறந்திருந்தது உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். உன் விரல் பொத்தானின் மேல் இருந்ததைப் பார்த்தேன். நீயாகச் சொல்லட்டும் என்றுதான் இருந்தேன்.

முதலில், மாத்திரையை நிறுத்தித் தியாகியாகாதே. உன்னுடையது உனக்காக எழுதிக் கொடுத்தது, உனக்கு ஒத்துக்கொள்கிறது. மாதாமாதம் நீ தரையில் சுருண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆகவில்லை என்பதற்காக உனக்கும் ஆகாமல் போக வேண்டுமா? மறுபடியும் அதே தப்பைச் செய்கிறாய், இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்.

போன வாரம் தொண்டை டாக்டரிடம் மறுபடி போனேன். பரு போய்விட்டது. முடி அப்படியே நிற்கிறது, ஆனால் புதிதாக வரவில்லை. குரல் இனி இறங்காது என்கிறார். ஏறுமா என்றால் கையை விரிக்கிறார். கொஞ்சம் ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம், ஒரு வருடம் பார்க்கலாம் என்கிறார். நான் தினமும் காலையில் ஒரே ஒரு முறை அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். இல்லை. பிறகு அன்றைக்கு முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசப் பிடிக்கவில்லை. குழந்தையிடம்கூட எரிந்து விழுகிறேன். அழுதால் போய்விடும் என்று இரண்டு நாள் அழுதும் பார்த்தேன், மூக்கடைப்புதான் மிச்சம்.

ஆனால் கீழே நன்றாக இருக்கிறது. முன்பு நான் மந்திர ஸ்தாயியில் முனகுவேன், நீ கேலி செய்வாய். இப்போது அங்கே தரை கிடைத்திருக்கிறது. நேற்று பாடிக்கொண்டிருந்தபோது தண்ணீர் லாரிக்காரர் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் எங்களுக்குப் பாதித் தொட்டிதான் தண்ணீர், பக்கத்து வீட்டம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

கம்பெனியில் ஐந்து பாட்டைப் போட்டுவிடச் சொல். மிச்சத்தை நீ தனியாகப் பாடு. நான் கோபத்தில் சொல்லவில்லை. உன் சுருதிக்கு என்னால் வர முடியாது. இதை எழுத எனக்கு மூன்று தாள் கிழிந்தது.

அண்ணி


ஜூன் 16

அண்ணி,

உங்களோடு ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. நீங்களே கேள்வி கேட்டு, நீங்களே பதில் சொல்லி, மூன்று தாளையும் கிழித்துவிட்டு எனக்குத் தீர்ப்பு அனுப்புகிறீர்கள். என் சுருதிக்கு உங்களால் வர முடியாது. சரி. உங்கள் சுருதிக்கு நான் வர முடியுமா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம் அல்லவா?

சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கி எட்டுப் பாட்டையும் புதிதாகப் பாடுவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டேன். பைத்தியமா என்றார்கள். முடிந்த ஐந்தை எதற்குக் கெடுக்க வேண்டும் என்றார்கள். ஜனவரிப் பாட்டை ஓட்டிக் காட்டி, இது இரண்டு பேர் பாடிய பாட்டு இல்லை, ஒருத்தி இன்னொருத்தியின் வாயைப் பொத்திய பாட்டு, இதில் என் பெயரைப் போடாதீர்கள் என்றேன். ஒலிப்பதிவாளரும் எனக்காகப் பேசினார். வயலின்காரர் உங்கள் வயிறு எப்படி இருக்கிறது என்றார்.

இப்போது என் பாட்டைக் கேளுங்கள். எனக்குக் கீழே இடமே இல்லை. ஒன்றரைக் கட்டை இறக்கினால் மந்திரத்தில் என் குரல் தேய்ந்த செருப்பு மாதிரி இழுபடுகிறது. ஒரு வாரமாகச் சாதகம் செய்கிறேன். கீழ் வீட்டுக்காரர் வந்து மாடியில் கட்டில் நகர்த்துகிறீர்களா என்று கேட்டார். நான் தடுமாறும் இடத்தில் நீங்கள் வந்து மூடிவிடாதீர்கள். தடுமாறியே பழகிக்கொள்கிறேன். கை மாற்றும் இடம் இனி எல்லாருக்கும் தெரியும். தெரியட்டும். இரண்டு பேர்தானே பாடுகிறோம்.

மாத்திரையை நிறுத்தவில்லை. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய் என் ஊதாவைப் பற்றி அந்தத் தாளை வைத்துக்கொண்டு பதினான்கு கேள்வி கேட்டேன். தாளை அவராலும் திரும்ப மடிக்க முடியவில்லை.

பதிவுக்குக் கம்பெனி ஜூலை பன்னிரண்டு என்கிறது. டைரி திறந்துதான் இருக்கிறது. என் பக்கத்தில் என் புள்ளியை வைத்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. பன்னிரண்டு சரியா?

கீச்சு


ஜூன் 24

கீச்சு,

பன்னிரண்டு வேண்டாம். அந்த வாரம் எனக்குத் தொண்டை கனக்கும்.

பத்தொன்பது வைத்துக்கொள். அன்றைக்கு உனக்குக் கனக்குமென்றால் சொல், இருபத்தாறு பார்க்கலாம். பாதி மாதம் போனால் போகட்டும்.

வயலின்காரரிடம் வயிறு சரியாகிவிட்டது என்று சொல்லிவிடு.

அண்ணி